புதுப்பிப்பு: வெங்காய வேரில் 16 குரோமோசோம்களை எண்ணிவிட்டேன்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: வெங்காய வேர்நுனி ஸ்லைடில் குரோமோசோம்கள் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கின்றன, ஒரு செல்லில் இருக்க வேண்டிய 16-ஐ எண்ண முடியவில்லை என்று. செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் கொல்கிசின் என்ற தாவர நஞ்சைப் போடுங்கள் என்றீர்கள். போட்டாச்சு.

தருமபுரி சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயம்தான். வேர்களை 0.05 சதவீதக் கரைசலில் 3 மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் வழக்கம்போல அசிட்டோகார்மின் சாயம். கொல்கிசின் டியூபுலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிரிழைகள் உருவாவதே இல்லை. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நடுவழியில் நின்று, மேலும் சுருங்கி, குட்டையாகத் தடித்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் பெருக்கல் குறி மாதிரி: குரோமாட்டிடுகள் எனும் இரு நகல்களின் கைகள் விரிந்திருக்க, அவை இணையும் இடமான சென்ட்ரோமியரில் மட்டும் ஒட்டு. ஒரு செல்லில் மூன்று முறை எண்ணினேன், 16தான்!

சில வேர்களைக் கழுவி, இரண்டு நாள் வெறும் தண்ணீரில் விட்டேன். நுனி குண்டூசித் தலை போல வீங்கிவிட்டது. அதில் ஒரு செல்லில் 32 வரை எண்ணினேன். பிரியாமல் போன ஜோடிகள் ஒரே உட்கருவுக்குள் அடைபட்டு, அடுத்த சுற்றில் இரட்டிப்பாகத் தெரிகின்றன.

இந்த நஞ்சு நம் செங்காந்தள் கிழங்கிலேயே இருக்கிறது என்பதால் கிழங்கை இடித்துச் சாறு எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் சாமி, உயிரையே வாங்கிவிடும். கொல்கிசினைத் தொடவும் கையுறை கட்டாயம்.

அடுத்து, இதே வேலைக்குப் பயன்படும் பாரா டைகுளோரோ பென்சீன். அந்தப் படங்களையும் இங்கேயே போடுகிறேன்.