காலாவுக்கு எந்த முள்? கடலூர், புதுச்சேரி தூண்டில்காரர்களின் அனுபவங்கள்

வீராம்பட்டினத்திலிருந்து:

மழை ஓய்ந்து, ஆற்றுத் தண்ணீர் இன்னும் கலங்கலாகக் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும் இந்த நாட்களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் எங்கே நின்றாலும் காலா மீனைப் பற்றித்தான் பேச்சு. என்ன இரை, எந்த ஓதம் (கடல் ஏற்றவற்றம்) என்றெல்லாம் கேட்கிறார்கள். எந்தத் தூண்டில் முள் என்று கேட்பவர் குறைவு. காலாவைப் பொறுத்தவரை பாதி வேலை முள்ளில்தான் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஆண்டுக்கு ஆண்டு வலுத்துவருகிறது. நான் கண்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

போன வாரம் பாறைக்கட்டின் முனையில் நல்ல காலா ஒன்று ஏறியது. முள்ளைக் கழற்றும் முன் அதன் வாயை நிதானமாகப் பார்த்தேன். மூக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. வாய் அதற்கு அடியில் இருக்கிறது, அதன் பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிறது. பல் என்று தனியாக எதுவும் தெரியவில்லை. ஆனால் தாடையின் வெளி ஓரத்தைத் தடவினால் உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரப்பு. கண்ணின் மேல் கொழுப்புப் படலம். மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு இழைகள் தொங்குகின்றன. கலங்கல் தண்ணீரில் இரையைத் தொட்டு உணர்வது இவற்றால்தான்.

இப்படிப்பட்ட வாய்க்கு வட்ட முள்ளைப் போலப் பொருந்துவது வேறில்லை என்பது என் முடிவு. வட்ட முள்ளின் முனை வெளியே நீட்டிக்கொண்டிராமல் தண்டை (முள்ளின் நேரான பகுதியை) நோக்கி உள்ளே திரும்பியிருக்கும். மீன் இரையை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வரும். மீன் திரும்பி ஓடும்போது கடைவாயில் ஏறி உட்கார்ந்துவிடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கழியை வெடுக்கென்று இழுக்காமல், நரம்பு (முள்ளைக் கட்டிய தூண்டில் இழை) இறுகும்வரை பொறுத்து, ரீலைச் சீராகச் சுற்ற வேண்டும். கடைவாயில் முள் இருந்தால் நரம்பு பக்கவாட்டில் வெளியே வருகிறது, அந்தச் சொரசொரப்பான தாடையில் உரசுவது குறைகிறது. நான் மடவைக் குஞ்சுக்கு 4/0 அளவு முள்ளும், இறாலுக்கு அதைவிடச் சிறிய 2/0 முள்ளும் வைக்கிறேன். ஒரே எண் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபடும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள். இரையைக் கோத்த பிறகு அந்த இடைவெளி திறந்திருக்க வேண்டும். இரை அதை அடைத்துக்கொண்டால் வட்ட முள் வேலை செய்யாது.

தாழங்குடாவிலிருந்து:

தம்பி சொன்னது கழியும் ரீலும் வைத்திருப்பவர்களுக்குச் சரி. எங்கள் பக்கம் தென்பெண்ணை கடலில் விழும் இடத்தில் கைத்தூண்டில்தான். நரம்பு விரலில் கிடக்கிறது. மீன் தொட்ட உடனே கை தானாகச் சுண்டிவிடும், அது பிறவிப் பழக்கம். சுண்டினால் வட்ட முள் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அதனால் நாங்கள் சாதாரண வளைவு முள்தான் கட்டுகிறோம். ஆழ்கடலில் சூரைக்கு ஆயிரங்கால் தூண்டில் (வரிசையாகப் பல முள்கள் தொங்கும் நீண்ட கயிறு) விடும்போது கதை வேறு. அங்கே சுண்டுவதற்கு யாரும் இல்லை, மீன் தானாக இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே உள்ளே திரும்பிய முள் நன்றாகவே பிடிக்கும்.

என்னைக் கேட்டால் வளைவைப் பார்ப்பதற்கு முன் கம்பியின் பருமனைப் பார்க்க வேண்டும். காலாவுக்கு உயிர் இறாலை மிஞ்சிய இரை இல்லை. இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே ஓடு வழியாக உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதற்கு முன்னால், கொம்பின் அடியை ஒட்டி, குறுக்காக முள்ளை ஏற்ற வேண்டும். கறுப்பில் பட்டால் இறால் அந்த நொடியே செத்துவிடும். பருமனான கம்பி என்றால் எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் ஓடு பிளந்துவிடும். மெல்லிய கம்பி, குட்டைத் தண்டு, 1/0 அளவு. இப்படி ஏற்றிய இறால் நெடுநேரம் கால்களை அடித்துக்கொண்டே இருக்கும். காலா தேடி வருவது அந்தத் துடிப்பைத்தான்.

கூர்மையையும் சொல்லிவிடுகிறேன். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுங்கள். வழுக்கினால் அந்த முள் ஆகாது. நகத்தில் கடித்து நின்றால் கட்டுங்கள். பாறையில் ஒருமுறை உரசிய முள்ளை மறுபடி இப்படிப் பார்க்காமல் தண்ணீரில் விடாதீர்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

நான் உப்பனாற்றுப் பக்கம் தூண்டில் போடுபவன். ஒரு விஷயம் மட்டும். எவர்சில்வர் முள் துருப்பிடிக்காது என்று நினைத்து அதையே தேடி வாங்குகிறார்கள். நரம்பு அறுந்து முள்ளோடு மீன் போய்விட்டால் அந்த முள் அதன் வாயில் வெகு காலம் கிடக்கும். கார்பன் எஃகு முள் உப்புத் தண்ணீரில் அரித்துப் போகும். அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தாலும் கார்பன் எஃகு முள்ளையே வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்.

முத்தியால்பேட்டைக்காரன், இப்போது கனடாவில்:

நம்மூரில் காலாவை 'இந்தியன் சால்மன்' என்று விற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து உண்மையான சால்மனைக் கடலில் பிடிக்கும்போதுதான் இரண்டும் எவ்வளவு தூரத்து மீன்கள் என்று கண்ணால் கண்டேன். குடும்பமே வேறு. வாயின் அமைப்பும் வேறு: சினூக், கோஹோ சால்மன்களுக்கு வாய் முகத்தின் நுனியிலேயே முன்னோக்கித் திறக்கிறது. கடித்த பிறகு உடம்பை முறுக்கி உருளும்.

அந்த முறுக்கலை வைத்துத்தான் இங்கே முள்ளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தகட்டு இரையை மோட்டார் படகில் இழுத்துச் செல்லும்போது பலர் மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு, 'சைவாஷ்' என்ற ஒற்றை முள்ளை மாட்டுகிறார்கள். முனை நீளம், இடைவெளி அகலம். மும்முனையில் ஒரு முனை தைத்திருக்கும்போது மற்றவை நெம்புகோலாக நின்று, மீன் உருளுகையில் தைத்ததையும் பிடுங்கிவிடும். சைவாஷின் காது (தண்டின் நுனியில் உள்ள துளை) திறந்த நிலையில் வருவதால் தகட்டில் மாட்டிக் குறடால் நெருக்கிவிடலாம், தனியாக வளையம் வேண்டாம்.

இரை போடுவது இன்னொரு கலை. நம் கவலை மீனின் உறவான ஹெர்ரிங்கைத் தலையைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, ஒரே நரம்பில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு முள்களில் கோத்து விடுகிறார்கள். அந்தச் சாய்வு வெட்டினால் இரை தண்ணீரில் சுழன்றுகொண்டே வரும். படகு மிதந்துகொண்டிருக்க இப்படி இரையை விடும்போது சால்மன் அதை ஆழமாக விழுங்கிவிடுகிறது. அதனால்தான் கலிபோர்னியாவின் கடற்பகுதி பலவற்றில் இந்த முறைக்கு எதிர்முள் இல்லாத வட்ட முள்தான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. எதிர்முள் என்று நான் சொல்வது முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னச் செதிலை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு எந்த வகை முள்ளானாலும் எதிர்முள் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியிலும் அப்படித்தான்.

காரணம் எளிது. குஞ்சுப் பண்ணையில் வளர்த்துவிட்ட மீன்களில் பலவற்றுக்கு முதுகின் பின்பக்கம் உள்ள சிறு கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுகிறார்கள். அந்தத் துடுப்பு இருந்தால் அது இயற்கையில் பிறந்த மீனாக இருக்கலாம். பல இடங்களில் அதை விட்டுவிட வேண்டும். படகோரத்தில், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி அனுப்ப வேண்டுமானால் எதிர்முள் இல்லாமல் இருந்தால் எளிது. நரம்பைத் தொய்ய விடாத வரை மீன் அவ்வளவாகக் கழன்று போவதில்லை, இங்கே எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

வட்ட முள்ளும் எதிர்முள் இல்லாத முள்ளும் நம் காலாவுக்கும் ஏற்றவை என்று நம்புகிறேன். ஊருக்கு வரும்போது சைவாஷ் முள் கொஞ்சம் கொண்டுவருகிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

என் மகனுக்கு மாமா ஒருவர் பொய் இரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முனை முள். வெள்ளிக் கடற்கரையில் கூட்டத்துக்கு நடுவே அதை வீசவிட எனக்குப் பயமாக இருக்கிறது. அதில் ஒற்றை முள் மாட்ட முடியுமா? மாட்டினால் மீன் படுமா?

வீராம்பட்டினத்திலிருந்து:

தாராளமாக மாட்டலாம், அக்கா. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். முள்ளின் காது, பொய் இரையில் உள்ள வளையத்தோடு நேராக நிற்கும்படி செய்யப்பட்ட ஒற்றை முள்ளாகக் கேட்டு வாங்குங்கள். வயிற்று முள்ளின் முனை முன்னோக்கியும் வால் முள்ளின் முனை மேல்நோக்கியும் இருக்கட்டும். கழற்றிய மும்முனை முள்ளும் புதிய முள்ளும் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பது முக்கியம். எடை மாறினால் பொய் இரை நீந்தும் அழகு கெட்டுவிடும். வீசுவதற்கு முன் முழங்கால் ஆழத்தில் இழுத்துப் பாருங்கள், பக்கவாட்டில் சாயாமல் நெளிந்து வந்தால் போதும். பொய் இரைக்கு வட்ட முள் வேண்டாம், அதை மீன் வாயில் வைத்துக்கொண்டு ஓடாது. கூட்டம் இருக்கும் நேரத்தில் எந்த முள்ளானாலும் வீச வேண்டாம், கடிலம் முகத்துவாரப் பக்கம் ஆள் குறைவான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடா நண்பர் சொன்ன எதிர்முள் விஷயத்தை நானும் பின்பற்றுகிறேன். குறடால் அழுத்தினால் அது படிந்துவிடும், புதிய முள் தேவையில்லை. காலா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய காலா என்றால் பெரும்பாலும் முட்டையிடும் பெண். அதைக் கடலில் விட நினைப்பவர்கள் வேகமாகக் கழற்ற வேண்டும். காலா கையில் அதிக நேரம் தாங்காது. கரையில் போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தால், விட்ட பிறகும் பிழைப்பது சந்தேகம்.

தாழங்குடா ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன மெல்லிய கம்பி முள்ளில் வட்ட வளைவு கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உயிர் இறாலுக்கு இரண்டும் சேர்ந்தால் நன்றாக இருக்கும். இறாலில் முள் ஏற்றும் அந்த இடத்தை நேரில் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஓதம் எத்தனை மணிக்கு ஏறும் என்று மட்டும் சொல்லுங்கள்.