ஸ்மார்ட் போர்டை அணைத்துவிட்டுத்தான் பாடம் எடுக்கிறேன்: ஒரு தலைமையாசிரியர்

கரும்பலகை:
டெல்டா பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். போன வாரம் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒன்று சொன்னேன், இளையவர்கள் சிரித்துவிட்டார்கள். அதையே இங்கும் போடுகிறேன், நீங்களும் சிரிக்கலாம்.

என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலையில் ஸ்மார்ட் போர்டு ஓடாது. மதியம் அறிவியலுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். போர்டு ஓடும்போது பிள்ளைகளும் ஆசிரியரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆளில்லை. அன்று பின்னத்துக்கு ஒரு வீடியோ ஓடியது. வட்டம் துண்டுதுண்டாகப் பிரியும், பாட்டு வரும். வகுப்பே கைதட்டியது. முடிந்ததும் ஒரு பையனிடம் 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டேன். "நாலுதான் சார் பெருசு" என்றான். சரி, சத்துணவு முட்டை ஒன்றை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் உனக்கு அதிகம் கிடைக்குமா, நாலு பேருக்குப் போட்டாலா? "இதுகூடத் தெரியாதா?" என்பது போல என்னைப் பார்த்தான்.

எனக்குக் கொள்கை மேல் கோபமில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் நல்ல திட்டம். பிள்ளையை அரும்பு, மொட்டு, மலர் என்று அதன் நிலை பார்த்துப் பிரித்து அங்கிருந்து தொடங்கச் சொல்கிறது. ஆனால் அதன் மதிப்பீட்டை ஆசிரியரின் போனில், செயலியில், ஒவ்வொரு பிள்ளையாகச் செய்ய வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுவரை மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சத்தம்தான்.

மென்பொருள்காரன்:
ஐயா, தப்பு மோசமான வீடியோ மேல், நீங்கள் தண்டிப்பது போர்டை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கேள்வி கேட்கும். முப்பது பிள்ளைக்கு முப்பது விதமாக. ஒரு வாத்தியாரால் முடியுமா?

ரிட்டயர்டு வாத்தியார்:
பெருவில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்களே, 2012-இல் வெளியான ஆய்வில் கணக்கும் வாசிப்பும் நகரவே இல்லை. ஸ்வீடனே 2023-இல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது. தலைமையாசிரியர் சொல்வதுதான் சரி.

குன்னூர்க்குளிர்:
ஸ்வீடன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்தது சார். நாங்கள் இன்னும் பந்தியிலேயே உட்காரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததே இல்லை. அலை எப்படி வரும் என்று சாக்பீஸால் வரைந்து காட்டவா?

மாணவர் விவரமெல்லாம் ஏற்றும் அரசு இணையப் பதிவான எமிஸையும் எல்லோரும் திட்டுகிறார்கள். நானும் திட்டுவேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்புப் பையன் ஒருவனின் குடும்பம் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனது. "அங்கே சேர்த்துவிட்டோம் டீச்சர்" என்றார் அம்மா. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அவன் எண் இன்னும் காமன் பூலிலேயே, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளை வைக்கும் பொதுப் பட்டியலிலேயே கிடக்கிறது. அப்படியென்றால் எந்தப் பள்ளியும் அவனை எடுக்கவில்லை. போன் மேல் போன் போட்டோம். வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். இப்போது அங்கே ஆறாம் வகுப்பு. பழைய வருகைப் பதிவேடு இதைச் சொல்லியிருக்குமா?

கரும்பலகை:
டீச்சர், அதற்கு என் வணக்கம். நிஜமாகவே.

மறுபக்கமும் உண்டு. போன ஜூனில் ஒரு பெண் என் பள்ளிக்கு வந்தாள். பழைய பள்ளி அவளைப் பூலுக்கு விடுவிக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், திரையில் இல்லை. வந்து பார்த்த அதிகாரி அவளைப் பார்க்கவில்லை, எண்ணிக்கையைப் பார்த்தார். "ஒன்று இடிக்கிறதே சார்." இடித்தது அவள்தான்.

தம்பி மென்பொருள்காரா, நீங்கள் சொன்ன ஆய்வைப் படித்தேன். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும், இரண்டு ராத்திரி ஆனது. ஆய்வு நடந்த மையங்களில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதி, சின்னக் குழுவாக உட்காரவைத்து ஆள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த ஆளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மென்பொருள்காரன்:
விட்டது தப்புதான். ஆனால் கணினி இருந்த பாதியையும் நீங்கள் விடக் கூடாது. அரும்பு, மொட்டு என்று அட்டை வைத்து நீங்கள் செய்வதும் அது செய்வதும் ஒரே வேலை. அது களைத்துப்போகாது, அவ்வளவுதான்.

பிளஸ்டூ அப்பா:
வீடியோ, அட்டை எல்லாம் இருக்கட்டும். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே? என் பெண் படிக்கும் தனியார் பள்ளியில் பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் ஓடுகிறது.

கரும்பலகை:
அதற்காகத்தானே ஐயா 2017-18-இல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள்? பதினொன்றை விழுங்கிவிட்டுப் பன்னிரண்டை இரண்டு வருடம் அரைத்தார்கள். பிறகு கல்லூரியில் பிள்ளைகள் அடிப்படை தெரியாமல் தடுமாறினார்கள். எடுத்தது சரி என்பேன், அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வு பிள்ளைகளுக்குப் பாரம். ஆனால் பாடம் நடக்கிறதா என்று பார்க்க ஆள் போட வேண்டும். எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதும் அப்படித்தான். மத்திய அரசுப் பள்ளிகளில் 2024 டிசம்பரில் அதை மாற்றினார்கள், நம் மாநிலம் மாற்றவில்லை. நல்லது. பெயிலாக்கினால் பெண் பிள்ளைகள்தான் முதலில் வீட்டோடு நிற்பார்கள். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எழுதத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறார்களே, அதையும் கண்ணால் பார்த்தேன்.

கரும்பலகை:
வருகிறார்கள். மறுக்கவில்லை. அதனால்தான் காலையில் போர்டு வேண்டாம் என்கிறேன்.

குன்னூர்க்குளிர்:
சார், உங்கள் முட்டைக் கேள்வியை இன்று என் வகுப்பில் கேட்டேன். முதலில் வீடியோ, அப்புறம் 1/3, 1/4. இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் நாலுதான் பெரிது என்றார்கள். வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் போன வாரம் இதே பாடத்துக்கு எல்லோரும் சரியாகச் சொன்னதாக நான்தான் பதிவு செய்திருந்தேன்.

ஆனால் போர்டை அணைக்க மாட்டேன். வீடியோவைத் திரும்பப் போட்டு, பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. ஒரு பையன் எழுந்து போய்த் திரையிலேயே விரலால் அளந்து காட்டினான்.

கரும்பலகை:
எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் டீச்சர்?

குன்னூர்க்குளிர்:
வட்டத்தில் மூன்று துண்டு ஆனதும் சார். நாலாவது கோடு விழுவதற்கு முன்னால்.