வியாழன் இரவிலிருந்து மூன்று விர்ச்சுவல் மெஷினின் (விஎம்) பேக்கப் மட்டும் தகராறு, ஒரே காரணமாக இருக்குமா?

மில்_சர்வர் எழுதியது, திங்கள் காலை 9:40

கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஐடி பார்க்கிறேன். ஐடி என்றால் பிரிண்டருக்கு டோனர் மாற்றுவது முதல் கேட் கேமரா வரை எல்லாம் நான்தான். இரண்டு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்-களை ஓட்டும் சர்வர்), அதில் 11 விஎம். வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேர் தினமும் இரவு 10:30-க்கு ஓடும். காலையில் மெயில் பச்சையாக இருக்கும், பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான் போனது.

போன வியாழன் இரவிலிருந்து மூன்று விஎம் மட்டும் மக்கர் செய்கின்றன.

ஃபைல் சர்வர், விண்டோஸ் 2019, டொமைனில் (எல்லா லாகினும் ஒரே இடத்தில் இருக்கும் அமைப்பு) இல்லை, ஒர்க்குரூப், அக்கவுண்ட் எல்லாம் அந்த மெஷினிலேயே. இது சிவப்பு, அதாவது தோல்வி. அட்மின்$ ஷேருக்குள் (அட்மின்கள் நெட்வொர்க் வழியாக நுழையும் மறைவு ஃபோல்டர்) போக முடியவில்லை, அனுமதி இல்லை, எரர் 5 என்கிறது.

கணக்கு சர்வர், விண்டோஸ் 2016, உள்ளே எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். இது மஞ்சள், அதாவது எச்சரிக்கை. எஸ்கியூஎல் விஎஸ்எஸ் ரைட்டரை (பேக்கப் நேரத்தில் டேட்டாபேஸை ஒழுங்கான நிலையில் வைக்கும் சர்வீஸ்) காணோம், டேட்டாபேஸ் கிராஷ் கன்சிஸ்டென்ட் (திடீரென கரண்ட் போனால் இருப்பது போன்ற) நிலையில்தான் பேக்கப் ஆகும், டிரான்சாக்‌ஷன் லாகை (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைக் குறிக்கும் ஃபைல்) தொடமாட்டேன் என்று எழுதியிருக்கிறது.

வருகைப்பதிவு ஓடும் உபுண்டு, அதாவது லினக்ஸ். இதுவும் மஞ்சள். பேக்கப் முடிகிறது, ஃபைல் இண்டெக்ஸிங் மட்டும் தோல்வி.

வீம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். கணக்கு சர்வரை ஞாயிறு மதியம் ரீஸ்டார்ட் செய்தேன். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். புதன்கிழமை போட்ட விண்டோஸ் அப்டேட் மேல்தான் சந்தேகம், அதைக் கழற்றலாமா என்று யோசிக்கிறேன். மற்றபடி நான் எதையும் மாற்றவில்லை.

சனிக்கிழமை ஸ்டோர்ஸ் மேடம் ஸ்டாக் ஷீட்டை டெலிட் செய்துவிட்டு வந்து நின்றார். வீமின் வெப் பக்கமான என்டர்பிரைஸ் மேனேஜரில் தேடினால் புதன்கிழமையோடு நிற்கிறது. இண்டெக்ஸ் இல்லாததால் ஃபைலை எடுக்க முடியாதோ என்று பயமாக இருக்கிறது. யாராவது உதவுங்கள்.

நைட்ஷிஃப்ட் எழுதியது, காலை 10:05

விஎஸ்எஸ் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள் ப்ரோ. எனக்கு அதில்தான் சரியானது.

பழைய_டேப் எழுதியது, காலை 11:20

தம்பி, அப்டேட்டைக் கழற்றாதீர்கள். ஒரே நாளில் மூன்று இடத்தில் வலித்தால் ஒரே நோய் என்று தோன்றும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் மூன்று எரரும் மூன்று வெவ்வேறு தளத்தில் வருபவை.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், அப்புறம் புதிதாக ஒரு பயம் கொடுக்கிறேன். இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. அது கிழிந்து போனாலும் புத்தகம் இருக்கும். வீம் கன்சோலில் விஎம்-ஐ வலது கிளிக் செய்து, கெஸ்ட் ஃபைல் ரெஸ்டோரில் வேண்டிய நாளின் பேக்கப்பை (ரெஸ்டோர் பாயின்ட்) தேர்ந்து, டிரைவைத் திறந்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் போய் எடுத்துக்கொள்ளலாம். இண்டெக்ஸ் தேவைப்படுவது என்டர்பிரைஸ் மேனேஜரில் பெயர் போட்டுத் தேடுவதற்குத்தான்.

இனி புதிய பயம். உங்கள் ஃபைல் சர்வர் சிவப்பு என்கிறீர்கள். தேடல் புதன்கிழமையோடு நிற்பது இண்டெக்ஸ் போனதால் இல்லை தம்பி, புதனுக்குப் பிறகு அந்த விஎம்-க்கு பேக்கப்பே இல்லை. ஜாபின் அப்ளிகேஷன் அவேர் (விஎம்-க்குள் லாகின் செய்து பேக்கப் எடுக்கும் முறை) செட்டிங்கில் 'வெற்றிகரமாக முடிந்தே ஆக வேண்டும்' என்று இருக்கும். உள்ளே லாகின் ஆகாவிட்டால் அந்த விஎம்-ஐ அப்படியே விட்டுவிடும். இன்றிரவுக்கு அந்த ஒரு விஎம்-க்கு மட்டும் 'முயற்சி செய், தோற்றால் பரவாயில்லை' என்று மாற்றி வையுங்கள். ஃபைல் சர்வர்தானே, டேட்டாபேஸ் இல்லை, கிராஷ் கன்சிஸ்டென்ட் பிரதியாவது கையில் இருக்கும். மற்றதை நாளை பேசலாம்.

எதையும் மாற்றவில்லை என்று எழுதாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மூன்று கேள்வி: ஃபைல் சர்வருக்கு வீமில் எந்த அக்கவுண்ட் கொடுத்திருக்கிறீர்கள்? கணக்கு சர்வரில் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' என்ற கமாண்டைப் போட்டால் என்ன வருகிறது? அந்த உபுண்டு எப்போது போட்டது?

மில்_சர்வர் எழுதியது, பிற்பகல் 1:15

அண்ணா, பேக்கப்பே இல்லை என்று படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. செட்டிங்கை மாற்றிவிட்டு இப்போதே ஒருமுறை கையால் ஓட்டிவிட்டேன், மஞ்சளில் முடிந்தது.

உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. வியாழக்கிழமை எங்களுக்கு ஆடிட். அதில் இரண்டு பாயின்ட் எழுதிவிட்டார்கள். ஒன்று, பில்ட்-இன் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்டை டிசேபிள் செய்ய வேண்டும். அன்று மாலையே செய்தேன். பேக்கப்புக்கு என்று புது லோக்கல் அக்கவுண்ட் போட்டு அட்மின் குரூப்பில் சேர்த்தேன். அந்த அக்கவுண்ட்டில் ரிமோட் டெஸ்க்டாப் அருமையாகப் போகிறது, பாஸ்வேர்டு தப்பில்லை. இரண்டு, வருகைப்பதிவு சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜூன் 30-ஓடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, மாற்று என்றார்கள். உபுண்டு தயாராக இருந்ததால் அன்றே மாற்றிவிட்டேன். மினிமல் இன்ஸ்டால், அடிப்படையானது மட்டும்.

எதையும் மாற்றவில்லை என்று எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

கணக்கு சர்வரில் ரைட்டர்ஸ் பட்டியலில் சிஸ்டம், ரெஜிஸ்ட்ரி, டபிள்யூஎம்ஐ எல்லாம் 'ஸ்டேபிள், எரர் இல்லை' என்று வருகின்றன. எஸ்கியூஎல் ரைட்டர் ஃபெயில் ஆகவில்லை, பட்டியலிலேயே இல்லை. ஆனால் சர்வீசஸில் பார்த்தால் எஸ்கியூஎல் சர்வர் விஎஸ்எஸ் ரைட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது! ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை.

பழைய_டேப் எழுதியது, பிற்பகல் 2:30

ஆடிட் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் முடித்திருப்போம்.

ஃபைல் சர்வர் விஷயம் யூஏசி, விண்டோஸின் அட்மின் அதிகாரக் கட்டுப்பாடு. லோக்கல் அக்கவுண்ட் ஒன்று நெட்வொர்க் வழியாக வந்தால், அட்மின் குரூப்பில் இருந்தாலும் விண்டோஸ் அதன் அட்மின் அதிகாரத்தை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு வெறும் ஆளாகத்தான் உள்ளே விடும். பில்ட்-இன் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு, அதாவது எஸ்ஐடி (விண்டோஸ் ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் தரும் அடையாள எண்) 500-இல் முடியும் அக்கவுண்ட்டுக்கு, இந்தக் கட்டு இல்லை. அதனால்தான் இரண்டு வருடம் ஓடியது. ரிமோட் டெஸ்க்டாப் போவது இதற்குச் சாட்சி ஆகாது, அது வேறு விதமான லாகின். வீம் சர்வரிலிருந்து 'நெட் யூஸ்' கமாண்ட் போட்டு அட்மின்$-ஐ அந்த அக்கவுண்ட்டில் திறந்து பாருங்கள், அதே எரர் 5 வரும்.

டொமைன் அக்கவுண்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒர்க்குரூப் என்பதால் உங்களுக்கு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கும் இடம்) வழிதான்: லோக்கல் மெஷினில் பாலிசீஸ், சிஸ்டம் கீழே 'லோக்கல் அக்கவுண்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசி' என்று இடைவெளி இல்லாமல் ஒரு டீவேர்டு (எண் வகைப் பதிவு), மதிப்பு 1. ஆனால் இது அந்த மெஷினின் எல்லா லோக்கல் அட்மினுக்கும் கதவைத் திறக்கிறது. எல்லா சர்வரிலும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் ஒன்று போனால் எல்லாம் போகும். ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு வையுங்கள்.

உபுண்டு சின்ன விஷயம். லினக்ஸில் இண்டெக்ஸ் எடுக்க எம்லொகேட், டார், ஜிஜிப் என்ற மூன்று சின்ன புரோகிராமும் உள்ளே இருக்க வேண்டும். மினிமலில் எம்லொகேட் வராது.

கணக்கு சர்வர் எனக்குப் பிடிபடவில்லை. எஸ்கியூஎல் ஆட்கள் யாராவது வாருங்கள்.

வரிசை_எண் எழுதியது, பிற்பகல் 3:10

எஸ்கியூஎல் ரைட்டர் சர்வீஸ் ஓடுகிறது, பட்டியலில் மட்டும் இல்லை என்றால் முதலில் டேட்டாபேஸ் பெயர்களைப் பாருங்கள். ஏதாவது ஒரு டேட்டாபேஸ் பெயரின் கடைசியில் ஸ்பேஸ் இருந்தால் போதும், ரைட்டர் மொத்தமும் காணாமல் போகும். மற்ற டேட்டாபேஸ்கள் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

எஸ்கியூஎல் சர்வரின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் கண்ணால் பார்த்தால் தெரியாது. லென் ஃபங்ஷன் வைத்தும் எண்ணாதீர்கள், அது கடைசி ஸ்பேஸைக் கணக்கில் சேர்க்காது. டேட்டாபேஸ் பட்டியலான சிஸ் டேட்டாபேசஸிலிருந்து பெயரை எடுக்கும்போது முன்னும் பின்னும் சதுர அடைப்பு ஒட்டி எடுங்கள். எந்தப் பெயருக்கும் மூடும் அடைப்புக்கும் நடுவே இடைவெளி விழுகிறது என்று தெரிந்துவிடும். கண்டுபிடித்தால் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டு ரைட்டர் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், முழு சர்வரும் வேண்டாம்.

லாக் ஃபைல் அளவையும் பாருங்கள். டேட்டாபேஸ் ஃபுல் ரெக்கவரியில் (பேக்கப் கழிக்கும்வரை லாகைச் சேர்த்து வைக்கும் முறை) இருந்து, லாகைக் கழிக்கும் வேலையை வீமிடம் விட்டிருந்தால், வியாழனிலிருந்து அது ஊதிக்கொண்டே இருக்கும்.

மில்_சர்வர் எழுதியது, செவ்வாய் காலை 9:25

கிடைத்துவிட்டது! 14 டேட்டாபேஸில் பன்னிரண்டாவது வரி இப்படி இருந்தது:

[சம்பளம்_டெஸ்ட் ]

வியாழன் மதியம், நான் ஆடிட்டரோடு சர்வர் ரூமில் நின்றுகொண்டிருந்தபோது, சம்பள சாஃப்ட்வேர்காரர் ரிமோட்டில் வந்து டெஸ்ட் டேட்டாபேஸ் ஒன்று போட்டிருக்கிறார். பெயரை எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் செய்திருக்க வேண்டும். கேட்டால் 'ஸ்பேஸா, எங்கே சார்?' என்கிறார். பெயரை மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த உடனே பட்டியலில் எஸ்கியூஎல் ரைட்டர் வந்துவிட்டது. லாக் ஃபைல் 3 ஜிபி-யிலிருந்து 11 ஜிபி ஆகியிருந்தது. டி டிரைவில் இன்னும் 6 ஜிபி-தான் பாக்கி, இந்த வாரக் கடைசிக்குள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

ஃபைல் சர்வருக்கு ரெஜிஸ்ட்ரி, தனி பாஸ்வேர்டு இரண்டும் போட்டேன், செட்டிங்கையும் பழையபடி மாற்றிவிட்டேன். உபுண்டுவில் எம்லொகேட் போட்டேன். நேற்றிரவு 11-உம் பச்சை.

பழைய_டேப் எழுதியது, காலை 9:50

மேடத்தின் ஷீட்?

மில்_சர்வர் எழுதியது, காலை 10:30

நீங்கள் சொன்னபடி புதன்கிழமை பாயின்ட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன் அண்ணா. வியாழனும் வெள்ளியும் ஏற்றிய ஸ்டாக் அதில் இல்லை. கேட் பாஸ் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு இப்போது திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படித்துக் கொடுக்கிறேன்.