பாம்புக்கடி ஆய்வு: எடுத்துக்கொண்டு போன இரத்தத்துக்கு வன்னிக்கு என்ன கிடைத்தது?

குளக்கட்டான்:
போன பெரும்போக அரிவி வெட்டில் சித்தப்பாவை வரம்பில் வைத்துப் புடையன் கடித்தது. ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) மருந்து ஏற்றினார்கள், ஆள் தப்பிவிட்டார். மூன்றாம் நாள் ஆய்வுக்கென்று இரண்டு பேர் வந்து, கையெழுத்து வாங்கி இரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்வோம் என்றார்கள். அதற்குப் பிறகு சிறுபோகமும் வெட்டியாயிற்று, ஒரு கடிதம்கூட இல்லை. பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பங்காளி, ஆஸ்பத்திரி எல்லாம் கைகோத்தால் வைத்தியம் முன்னேறுமாம். நான் கண்டது அள்ளிக்கொண்டு போவதைத்தான்.

வாட்டுத் தாதி:
அண்ணை, கடிதம் வராதது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் விஷமுறிவு மருந்து ஏற்றுவதற்கு முன் சித்தப்பாவுக்குத் தோலுக்கடியில் சின்ன ஊசி ஒன்று போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அது அட்ரினலின், கால் மில்லிலீற்றர். விஷமுறிவு மருந்து குதிரை இரத்தத்திலிருந்து வருவது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இழுக்கும், இரத்த அழுத்தம் விழும். கடியில் தப்பியவரை மருந்து கொண்டுபோகப் பார்க்கும். களனிப் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் 1007 நோயாளிகள். நாலில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு எதிர்விளைவு வந்தது. அட்ரினலின் போட்டவர்களுக்கு முதல் மணித்தியாலத்தில் கடும் விளைவு 43 வீதம் குறைந்தது. கூடவே சோதித்த மற்ற இரண்டு மருந்துகள், ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும், பலன் தரவில்லை. அந்த ஆயிரம் பேரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

மாங்குளத்தான்:
தங்கச்சி ஊசியைச் சொன்னார், மருந்தைச் சொல்லவில்லை. இங்கே ஏற்றுவது இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்வது. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை, அவ்வளவுதான். இலங்கையில் ஆகக் கூடுதலாகக் கடிக்கிற, மூக்கு நிமிர்ந்த சின்ன விரியன் அதில் இல்லை. நம் பாம்புகளுக்கென்றே பேராதனைப் பல்கலைக்கழகமும் கோஸ்டா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து ஒரு மருந்து செய்து பார்த்தார்கள். 2016இல் கட்டுரையும் வந்தது. சித்தப்பாவுக்கு ஏற்றியது எதை, கட்டுரையையா?

வாட்டுத் தாதி:
அந்த இடத்தில் எனக்கும் கோபம்தான். ஆய்வுக்குக் காசு கொடுக்க ஆள் உண்டு, மருந்தை வருஷா வருஷம் செய்து இறக்க ஆள் இல்லை. அதற்காக ஆய்வையே வேண்டாம் என்பீர்களா?

முள்ளியவளை வாத்தி:
இடையில் ஒன்று. 2016இல் வெளியான கணக்கெடுப்பு 9 மாகாணத்திலும் 1118 கிராம சேவகர் பிரிவுகளில் வீடு வீடாகப் போய் எடுத்தது. களனிப் பல்கலைக்கழகத்தார் முன்னின்று செய்த வேலை. வருஷத்துக்கு 80,000 கடி, 400 சாவு என்று அதில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏறாமல் பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) போனவர்களும் அதில் வந்தார்கள்.

மாங்குளத்தான்:
வாத்தியார், எண்ணத் தெரிந்தவர்களுக்கு மருந்து இறக்கத் தெரியவில்லையே.

குளக்கட்டான்:
சரி, சித்தியிடம் கேட்டேன். அட்ரினலின் ஞாபகமில்லையாம். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு 20 நிமிஷம் உறைகிறதா என்று பார்த்தது மட்டும் ஞாபகம். ஆய்வுக்காரர் கொடுத்த தாளைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா, அடியில் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நாளைக்கு அடிக்கிறேன். கேட்க உரிமை உண்டுதானே?

வாட்டுத் தாதி:
உண்டு அண்ணை. அதே தாளில், ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் இலக்கமும் இருக்க வேண்டும். ஆய்வாளர் எடுக்காவிட்டால் அங்கே அடியுங்கள்.

மாங்குளத்தான்:
எடுத்தால், நம் பாம்புக்கு மருந்து எப்போது என்றும் கேளும்.