மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டுமா?

கோவைவாசி:
நான் மரவள்ளிக்கிழங்கை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கிறேன். மாமியாரோ நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டச் சொல்கிறார். சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடாதா? இரண்டு வயது மகளும் சாப்பிடுகிறாள், அதனால்தான் கேட்கிறேன்.

குமரிக்காரன்:
உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள், சகோதரி. எங்கள் பக்கத்தில் இதை மரச்சீனி என்போம், வடிக்காமல் அது இலையில் விழாது. கிழங்கில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. வெட்டும்போது கிழங்கின் நொதியே அதைச் சிதைத்துச் சயனைடு உண்டாக்குகிறது. லினாமரின் தண்ணீரில் கரையும். சயனைடு கொதியில் ஆவியாகும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு வெளியேறாது. மேல்தோலோடு அதன் அடியிலுள்ள தடித்த பட்டையையும் உரித்துவிடுங்கள். நஞ்சு அங்கேதான் அதிகம். சின்னத் துண்டுகளாக நறுக்கி, மூடாமல் வேகவையுங்கள். கசக்கும் கிழங்கைக் குழந்தைக்கு மட்டுமல்ல, யாருக்குமே கொடுக்காதீர்கள்.

தண்ணீரோடு கொஞ்சம் வைட்டமின் சி போகும், போகட்டும். இந்தக் கிழங்கை நாம் சாப்பிடுவது மாவுச்சத்துக்காக. அது எங்கும் போகாது. புரதம்தான் இதில் மிகக் குறைவு, நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. சாளை மீன் குழம்பு சேரும்போதுதான் அது முழுச் சாப்பாடு. மீனின் புரதத்திலுள்ள கந்தகம், உள்ளே போன சொற்பச் சயனைடை உடல் முறிக்கவும் உதவுகிறது. எங்கள் பாட்டிகள் வகுத்த இந்தச் சேர்க்கையை நான் பெருமதிப்போடு பார்க்கிறேன்.

தென் அமெரிக்காவில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த பயிர் இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது எங்கள் ஊர்களின் பசியை ஆற்றியது இந்தக் கிழங்குதான். ஏழைச் சாப்பாடு என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆத்தூர் விவசாயி:
குமரி அண்ணன் சொன்னது உண்மை. எங்கள் பகுதியில் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் இந்த மரவள்ளியின் தழையை மேய்ந்து ஆடுகள் செத்திருக்கின்றன. ஜவ்வரிசிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆலையில் கிழங்கை அரைத்து, தண்ணீரில் கரைத்து, மாவைப் படியவிட்டு எடுக்கும்போதே நஞ்சில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் மிஞ்சுவது வெறும் மாவுச்சத்துதான். குழந்தைக்குக் கஞ்சி வைத்தால் பாலோ பாசிப்பருப்போ சேர்த்துக் கொடுங்கள், அம்மா.

கோவைவாசி:
இருவருக்கும் நன்றி. மாமியாருக்குத் தைராய்டு குறைவு. அவர் சாப்பிடலாமா?

குமரிக்காரன்:
அடிக்கடி வேண்டாம். சயனைடை உடல் முறிக்கும்போது உண்டாகும் தயோசயனேட், தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போவதைத் தடுக்கும். நன்றாக வடித்த கிழங்கை எப்போதாவது கொஞ்சம் சாப்பிடலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமையலுக்கு அயோடின் உப்புதானே பயன்படுத்துகிறீர்கள்?