விஸ்கான்சின் பாதைகளில் பாஸ், வேலி, வேட்டைக்காலம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

முதல் பதிவு, மேடிசனிலிருந்து

கோடை தொடங்கிவிட்டால் இங்கே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நடை, சைக்கிள் பாதைகளைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, "அந்தப் பாதைக்கு டிக்கெட் உண்டா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது எளிது. அதைவிட முக்கியமான கேள்வி, காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நடப்பவர்களால்தான் சில பாதைகள் மூடப்படுகின்றன என்ற வருத்தம் எனக்கு உண்டு. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

என்னுடையது எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையில் நடந்தது. ரயில் நின்றுபோன தடத்தை மாநில அரசு வாங்கி 1967இல் சைக்கிள் பாதையாகத் திறந்தது. நாடு முழுவதும் பின்னால் வந்த இத்தகைய பாதைகளுக்கு இதுவே முன்னோடி. 32 மைல் நீளம், கெட்டித்த சுண்ணாம்புக்கல் பொடித் தரை. ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும் மாமாவும் நடந்தார்கள். நானும் அக்கா மகனும் வாடகை சைக்கிளில் போனோம். கெண்டால் பழைய ரயில் நிலையத்துக்கு அருகே ரேஞ்சர் ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"பையனுக்கு எத்தனை வயது?" என்று கேட்டார். பதினேழு. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சைக்கிள், குதிரை, ரோலர் ஸ்கேட், பனிச்சறுக்கு ஆகியவற்றுக்குப் பாஸ் எடுக்க வேண்டும். நடப்பவர்களுக்கு வேண்டாம். எங்கள் இருவரிடமும் பாஸ் இருந்தது. மாமா என்னை விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நடப்பவனிடம் காசு வாங்காத சட்டம் நல்ல சட்டம்" என்றார். அதை ரேஞ்சரிடம் சொன்னதும் அவர் தொப்பியைத் தொட்டு வணங்கினார்.

பாஸ் ஒரு நாளைக்கு 5 டாலர், ஆண்டுக்கு 25 டாலர். தொடக்கத்தில் இருக்கும் பெட்டியில் உறையில் பணத்தைப் போட்டு, துண்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாதையும் ஒன்றுபோல அல்ல. சிலவற்றை மாவட்ட நிர்வாகங்கள் கவனிக்கின்றன, அங்கே விதி வேறாக இருக்கலாம். பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

லா க்ரோஸிலிருந்து

அதே பாதையின் சுரங்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று இருக்கின்றன. நார்வாக்குக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடுவில் உள்ளது மிக நீளமானது, 3,810 அடி. உள்ளே விளக்கே கிடையாது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மழைச்சட்டை இல்லாவிட்டால் நனைந்துதான் வெளியே வருவீர்கள். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. நாங்கள் உள்ளே நடந்துகொண்டிருந்தபோது எதிரே ஒரு கூட்டம் மங்கலான விளக்குடன் ஓட்டிக்கொண்டே வந்தது. என் மகளின் கையில் பெரிய டார்ச் இருந்ததால் அவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஆளுக்கொரு டார்ச் எடுத்துப் போங்கள், கைப்பேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

அந்த வாயில்களில் இருக்கும் பெரிய மரக்கதவுகளைப் பார்த்துச் சிலர் வியக்கிறார்கள். கசியும் நீர் உறைந்து உருகினால் சுவர் வெடிக்கும். அதைத் தடுக்க ரயில் காலத்திலேயே வைத்தவை. ஒவ்வொரு ரயிலுக்கும் திறந்து மூட ஒரு காவலாளி இருந்தாராம். இப்போதும் குளிர்காலத்தில் கதவுகளைச் சாத்திவிடுகிறார்கள்.

வாசாவ் பக்கத்திலிருந்து

ஐஸ் ஏஜ் பாதை என்ற நீண்ட நடைத்தடத்தில் நடந்ததை எழுதுகிறேன். முழுத் தடமும் விஸ்கான்சினுக்குள்ளேயே ஏறத்தாழ 1,200 மைல். 1980இல் நாடாளுமன்றம் தேசியப் பாதையாக அறிவித்தது, 1987இல் மாநிலமும் தன் பாதையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பல மைல்கள் தனியார் பண்ணைகளிலும் காடுகளிலும் போகின்றன. பல இடங்களில் உரிமையாளர் வாய்மொழியாகக் கொடுத்த சம்மதமே ஆதாரம்.

அப்படி ஓர் இடத்தில் வேலியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "யாராவது தடுக்கி விழுந்தால் உங்கள்மேல் வழக்குப் போடமாட்டார்களா?" என்று கேட்டேன். அவர் மாநிலச் சட்டத்தின் 895.52ஆம் பிரிவைப் பெயர் சொல்லியே விளக்கினார். பொழுதுபோக்குக்காக வருகிறவர்களுக்கு நிலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கவோ ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவோ நில உரிமையாளருக்குக் கடமை இல்லை. வேண்டுமென்றே தீங்கு செய்தால் அது வேறு. அந்த நிலத்தைப் பொழுதுபோக்குக்கு விட்டு ஓர் ஆண்டில் 2,000 டாலருக்கு மேல் சம்பாதித்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நன்றியாக யாரோ ஒருவர் கையில் காசு திணிக்க வந்ததாகவும், அதை வாங்க மறுத்துவிட்டதாகவும் சொன்னார். "கணக்கு வைக்க ஆரம்பித்தால் பிறகு நான் கடைக்காரன். கதவை மூடிவிட்டுப் போங்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்."

நாயை அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வாரம் வந்த ஒருவரின் நாய் கன்றுக்குட்டிகளைத் துரத்தியிருக்கிறது. மாநிலப் பூங்காக்களிலும் பாதைகளிலும் நாயின் கயிறு 8 அடிக்கு மேல் போகக்கூடாது. தனியார் நிலத்திலும் அதையே பின்பற்றினால் சண்டை வராது. அந்த மனிதர் கோபத்தில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றிருந்தால், அந்தப் பகுதி முழுவதும் சாலையோரமாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அவரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை.

மில்வாக்கியிலிருந்து

மான் வேட்டைக்காலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் துப்பாக்கி வேட்டை. தனியார் நிலப் பகுதிகள் பலவற்றை உரிமையாளர்கள் அப்போது மூடிவிடுவார்கள். நாங்கள் வண்டி ஓட்டிப்போய் இறங்கினால் "மூடப்பட்டுள்ளது" என்ற மஞ்சள் தாள். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் தாளைத் தாண்டி உள்ளே போகலாமா என்று யோசித்தது. நான் தடுத்தேன். அடுத்த சில நிமிடங்களில் மரங்களுக்குள்ளிருந்து துப்பாக்கி ஒலி வந்தது.

வேட்டைக்காரர்கள் இடுப்புக்கு மேல் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் செல்லும். நடப்பவர்களுக்கு அது கட்டாயமில்லாத இடத்திலும் நான் குழந்தைகளுக்கு ஆரஞ்சு மேற்சட்டை இல்லாமல் நவம்பரில் காட்டுப் பக்கம் போவதில்லை.

மேடிசனிலிருந்து, மீண்டும்

வாசாவ் நண்பருக்கு நன்றி, அந்த 895.52 பற்றி எழுத நானே நினைத்திருந்தேன். இன்னொன்று: வரிச்சலுகை பெறும் தனியார் காடுகளில், பொதுமக்களுக்குத் திறந்தவையாகப் பதிவு செய்தவற்றில் ஐந்து செயல்களுக்கு உரிமையாளரிடம் கேட்கத் தேவையில்லை. வேட்டை, மீன்பிடிப்பு, நடை, சுற்றிப் பார்த்தல், சமவெளிப் பனிச்சறுக்கு (கிராஸ்-கன்ட்ரி) ஆகியவை அவை. அந்த ஐந்தில் பெர்ரி பறிப்பது இல்லை. பை எடுத்துக்கொண்டு போகும் நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறிக்க வேண்டும்.

சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் ஜூன் மாதத்தின் முதல் முழு வார இறுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாட்களும் மாநிலப் பாதைகளுக்குப் பாஸ் வேண்டாம், பூங்காக்களுக்கு வண்டிக் கட்டணமும் இல்லை. கெண்டாலில் வாடகை சைக்கிள் சீக்கிரம் தீர்ந்துவிடும், காலையிலேயே போங்கள்.