மாடுலர் கிச்சன் கொட்டேஷன்: சொன்ன விலை நியாயமா என்று எப்படிப் பார்த்தீர்கள்?

சென்னையிலிருந்து:

சமையலறைக்கு விலை கேட்டால் எல்லாக் கடையிலும் முதலில் சொல்வது சதுர அடி ரேட்தான். அதை மட்டும் வைத்து இரண்டு கடைகளை ஒப்பிடவே முடியாது.

எங்களுடையது எல் வடிவ மேடை. ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 7 அடி. ஒரு கடையில் 1.85 லட்சம், இன்னொன்றில் 2.60 லட்சம் என்றார்கள். வீட்டில் எல்லோரும் முதல் கடையையே பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக விசாரித்தேன். 1.85 லட்சத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை. சேர்த்தால் 2,18,300. சத்தமில்லாமல் மெதுவாக மூடிக்கொள்ளும் சாஃப்ட் குளோஸ் டிராயர் ஆறும் தனிக்கணக்கு, ஒன்று 4,500 வீதம் 27,000. ஆக 2,45,300. இரண்டாவது கடையில் இவை எல்லாம் உள்ளடக்கம். 75,000 வித்தியாசம் 15,000-க்கும் கீழே வந்துவிட்டது.

அப்புறம் அளவு. முதல் கடைக்காரர் இரண்டு சுவரையும் முழுசாக அளந்து 17 அடி போட்டிருந்தார். மேடையின் ஆழம் 2 அடி என்பதால் மூலையில் அந்த 2 அடி இரண்டு முறை கணக்கில் வருகிறது. உண்மையில் 15 அடிதான். உயரம் 2.75 அடி என்றால் 5.5 சதுர அடி அதிகம். சதுர அடி 1,600 ரூபாய் என்றால் 8,800. கேட்டதும் மறுப்பே சொல்லாமல் குறைத்துவிட்டார். எல் வடிவம், யு வடிவம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிளைவுட்டிலும் வித்தியாசம் இருந்தது. குறைந்த விலைக்காரர் வெறுமனே 'வாட்டர்புரூஃப் பிளை' என்று எழுதியிருந்தார். மற்றவர் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்), 18 எம்எம் என்று எழுதியிருந்தார். சிங்க் அடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும், அங்கே 710 தான் வேண்டும். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால் லைசென்ஸ் உண்மையானதா என்று தெரிந்துவிடும். பலகை மேல் லேமினேட் (மைக்கா) ஷீட் ஒட்டிய பிறகு முத்திரை மறைந்துவிடும், அதனால் வெட்டுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன்.

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டில் மேடைக்கு அடியில் ஏற்கெனவே கடப்பா கல் தடுப்பு இருந்தது. வந்து பார்த்த கம்பெனி, அதை உடைத்துவிட்டு முழுக்கப் பிளைவுட் பெட்டி வைக்க வேண்டும் என்று விலை போட்டது. தெரிந்த ஆசாரி ஒருவர் பார்த்துவிட்டு, "கல்லு நல்லாத்தானே இருக்கு, ஃபிரேம் அடிச்சு கதவு மட்டும் போட்டாப் போதும்க்கா" என்றார். கம்பெனி சொன்னதில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. டிராயர் நிறைய வேண்டுமென்றால் பெட்டி தேவைதான், சரி. எனக்கு இரண்டே டிராயர் போதும். கல்லைக் கரையானும் அரிக்காது. லாஃப்ட்டும் அப்படித்தான். கான்கிரீட் பலகை இருக்கும்போது கதவு ரேட் மட்டும்தான் தர வேண்டும், பெட்டி ரேட் போட்டிருந்தால் விடாதீர்கள்.

கோவையிலிருந்து, இந்த வேலையே செய்பவன்:

இரண்டு பேர் சொன்னதும் சரி. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். சதுர அடி என்பதை ஒருவர் முன்பக்கக் கதவின் பரப்பாக எடுப்பார், இன்னொருவர் பெட்டிக்கும் கதவுக்கும் தனித்தனி ரேட் போடுவார். ஏமாற்று வேலை இல்லை, முறை வேறு. அதனால் அளவு குறித்த வரைபடம் கேளுங்கள். கீல், சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்) எந்த பிராண்ட், எந்த மாடல், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். ஹெட்டிச், எப்கோ என்று பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒரே பிராண்டில் சாதாரண சேனலுக்கும் டேண்டம் பாக்ஸுக்கும் (பக்கச் சுவரும் சேனலும் சேர்ந்தே வரும் உலோக டிராயர்) விலை பல மடங்கு மாறும். கிரானைட், பிளம்பிங், சிம்னிக்குத் துளை போடுவது, பழையதை உடைத்து அள்ளுவது எல்லாம் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிட்டால் பின்னால் சண்டை வராது.

விலையை ரொம்பவும் அடித்துப் பேசினால் குறைவது எங்கள் லாபம் மட்டுமில்லை, பின்பக்கப் பலகையின் கனமும் பலகை ஓரத்தில் ஒட்டும் எட்ஜ் பேண்டும்தான். அதைவிட, கடைசி 10 சதவீதத்தை எல்லா டிராயரையும் இழுத்துப் பார்த்த பிறகு தருகிறேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் அதற்கு ஒப்புக்கொள்வார்.